நிலம், நிலம், சேர்

இன்டர்லாக்கன்,
12.01.1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி குணசேகரம் எழுதுவது. இங்கே பனி முழங்கால் மட்டும் கிடக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. லோசானில் உங்கள் இருமல் விட்டதோ? கொத்தமல்லி கிடைத்தால் அவித்துக் குடியுங்கள். ஒரே விமானத்தில் வந்து இறங்கிய எங்களில் உங்களைப் பிரெஞ்சுக்காரரிடமும் என்னை ஜெர்மன்காரரிடமும் பிரித்து அனுப்பிய அகதிக் கந்தோர்க்காரர் நல்லாயிருக்கட்டும்.

வேலை அதேதான், ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவுவது. ஆனால் இந்தக் கிழமை ஒரு புதினம். கீழே பாரில் பாடுவதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு இசைக்குழு ஒன்று வந்திருக்கிறது. பெயர் ‘மாயோன் ஸ்டார்ஸ்’. நாலு ஆண்கள், ஒரு பாட்டுக்காரி. முதல் நாளே அவர்களின் பெரிய ஸ்பீக்கர் செத்துப்போனது. குழுத்தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஈரக் கையோடு போய், “நான் ஊரில் ரேடியோ திருத்துகிறவன்” என்றேன். கோண்டாவில் சந்தியில் என் கடைக்கு வராத வியாதியா? திறந்து பார்த்தால் ஒரு வயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து குசினி வேலை முடிந்தால் நான்தான் அவர்களின் சவுண்ட்காரன். மூன்று வருசத்துக்குப் பிறகு ஈயம் உருகும் மணம் மூக்கில் ஏற, எனக்குப் பசியே எடுக்கவில்லை.

எந்த நாட்டு ஆள் வந்தாலும் அந்த நாட்டுப் பாட்டைப் பாடுகிறார்கள். நேற்று அந்தப் பாட்டுக்காரி இந்தச் சுவிஸ் மலைச் சனத்தின் யோடல் பாட்டை எடுத்தாள். தொண்டையை மேலும் கீழும் உடைத்துப் பாடுவார்களே, அதுதான். மாடு வளர்க்கிற கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்.

இன்னொன்று அக்கா. அத்தான் மோசம் போய் நாலு வருசம். உங்கள் பெயருக்கு ஒரு சொல் வரவிடக்கூடாது என்று ஐயா கடிதத்துக்குக் கடிதம் எனக்கு எழுதுகிறார். லோசானில் பாலசிங்கம் அண்ணை இருக்கிறார். அவர் காலையில் கண்டது மத்தியானம் சூரிச்சுக்குப் போய்விடும். கவனம்.

வேறு விசேசம் இல்லை. உடம்பைப் பாருங்கள்.

உங்கள் தம்பி,
குணம்

*

லோசான்,
02.02.1986

அன்புத் தம்பி குணத்துக்கு,

அக்கா மலர். இருமல் விட்டது, சளி பிடித்தது. அதுவும் போய்விடும். நீ கையுறை போட்டுத்தான் வெளியே போகிறாயோ?

பாலசிங்கத்தாரை நினைத்து நீ நித்திரை கெடாதே. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன், படுக்கிறேன். அதில் சூரிச்சுக்கு அனுப்ப என்ன இருக்கிறது?

உன் புதினத்துக்கு என் புதினம். ஆஸ்பத்திரியில் என்னோடு நிலம் துடைக்கிறவவும் பிலிப்பைன்ஸ்காரிதான். பெயர் தெரெசித்தா, ஐம்பது வயது. சிரிக்கத் தொடங்கினால் வார்ட்டில் நோயாளர் எழும்பிவிடுவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாய் ஒரு மொழியும் ஒழுங்காய் இல்லை. அரைப் பிரெஞ்சு, கால் இங்கிலிஷ், மிச்சம் கை. நான் ‘மாயோன் ஸ்டார்ஸ்’ என்று சொல்ல, “ஆ, மாயோன்! எங்கள் ஊர் நெருப்புமலை!” என்றா. நான், “இல்லை, எங்கட கண்ணன்!” என்றேன். அரை மணித்தியாலம் அதில் போனது. கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவெடுத்தோம். அவர்களிடத்தில் அக்காவை ‘ஆத்தே’ என்பார்களாம். என்னை விட மூத்தவ என்னை ‘ஆத்தே மலர்’ என்கிறா, மரியாதைக்கு. கேட்கிற ஒவ்வொரு முறையும் ஆரோ அடி வாங்கிக் கத்துகிற மாதிரி இருக்கிறது.

இனி முக்கியமான விசயம். ஐயா உனக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறார். ஊரெழுவில் பிள்ளை, படிப்பிக்கிறாளாம். சாதகம் பொருந்தியிருக்கிறதாம். உன் வாயால் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். யோசித்து எழுது ராசா.

சாப்பாட்டைத் தவறவிடாதே.

அக்கா,
சிவமலர்

*

இன்டர்லாக்கன்,
02.03.1986

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். இந்தக் கிழமை சுகத்துக்கும் மேலே.

உங்கள் தெரெசித்தா சொல்லியிருப்பா. அவர்களின் நாட்டில் ஆட்சி மாறிவிட்டது. இருபது வருசம் கதிரையில் இருந்தவர் விமானம் ஏறிப் போய்விட்டார். அந்த நாட்களில் பாட்டுக்காரர் ஐந்து பேரும் எங்கள் குசினியைவிட்டு நகரவில்லை. பழைய சிற்றலை ரேடியோ ஒன்றை நான் திருத்தி, ஏரியலை ஜன்னலால் வெளியே நீட்டி, மணிலாவைப் பிடித்துக் கொடுத்தேன். தெருவில் சனம் ராணுவத் தாங்கிகளுக்கு முன்னால் பூவோடு நிற்கிறதாம். லூர்து கேட்டுக் கேட்டு எங்களுக்கு இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். (பாட்டுக்காரியின் பெயர் லூர்தெஸ். எங்கள் ஊர் லூர்து மாதாவின் பெயர்தான்.) செய்தி வந்ததும் அவள் ஒரு அகப்பையை எடுத்துச் சட்டியில் அடித்தாள். செஃப் ஏசுவார் என்று பார்த்தால் அவர் ஒரு வைன் போத்தலை உடைத்து எல்லாருக்கும் ஊற்றினார்.

பிறகு எல்லாரும் களைத்து இருந்தபோது, லூர்து ஒரு பாட்டுப் பாடினாள். பாரில் பாடுகிறது இல்லை. அவர்களின் பழைய காதல் பாட்டு வகை. மூன்று தாளத்தில் மெதுவாய்ப் போகும். முதலில் அழுகிற மாதிரி வந்து, பாதியில் வெளிச்சம் போட்டது போல மாறும். அந்த வகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை எழுத எனக்குக் கூச்சம் அக்கா. ‘குண்டிமான்’. சிரிக்காதீர்கள். லூர்து என்னிடம், “ஏன் சிரிக்கிறாய்?” என்று கேட்டாள். நான் பொருள் சொல்லவேண்டி வந்தது. பிறகு அவளாலும் அந்தப் பாட்டைச் சிரிக்காமல் பாடமுடியவில்லை.

பனி உருகத் தொடங்கிவிட்டது. மற்றப்படி எல்லாம் வழமைபோல.

அன்புடன்,
குணம்

*

லோசான்,
09.03.1986

என் தம்பிக்கு,

சளியும் விட்டுவிட்டது. உன் கடிதத்தை பஸ்ஸில் வாசித்தது என் பிழை. அந்தப் பாட்டின் பெயர் வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு, பக்கத்து இருக்கைக்காரி எழும்பி வேறிடம் போய் இருந்தா.

இங்கேயும் கொண்டாட்டம்தான். இந்த முறை ஆனி மாதம் அவர்களின் சுதந்திர தினத்தைப் பெரிதாய்ச் செய்யப் போகிறார்களாம். தெரெசித்தா அக்கா ஊரில் நாட்டியக் குழுவில் இருந்தவ. இங்கே வேலை செய்கிற பெண்களைச் சேர்த்து மூங்கில் ஆட்டம் பழக்குகிறா. அதை உனக்குச் சொல்லவேணும். இரண்டு நீட்டு மூங்கிலைத் தரையில் கிடத்தி, அந்தத் தொங்கலில் ஒருவர் இந்தத் தொங்கலில் ஒருவர் முழங்காலில் இருந்து பிடிக்கவேணும். மூங்கிலை அகட்டித் தரையில் இரண்டு தட்டு, பிறகு ஒன்றோடொன்று சேர்த்து ஒரு அடி. ஆடுகிறவள் அகட்டியிருக்கும்போது உள்ளே கால் வைத்து, சேர்கிறதுக்கு முதல் வெளியே எடுத்துவிடவேணும். வயலில் கண்ணிக்குத் தப்பி ஓடுகிற ஒரு பறவையைப் பார்த்து வந்த ஆட்டமாம். போகப்போக வேகம். பிந்தினால் கணுக்கால் போச்சு!

லோசானில் மூங்கிலுக்கு எங்கே போவது? இப்போதைக்கு ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற தடிகள்தான் மூங்கில். தட்டுவதற்கு ஒரு ஆள் குறைகிறது என்று தெரெசித்தா அக்கா கெஞ்ச, நான் போய் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டிக்கொடுக்கிறேன். இருந்தபடி தட்டுகிற வேலைதான். பாலசிங்கத்தாருக்கு அதில் ஒன்றும் கிடையாது.

ஊரெழுச் சம்பந்தத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஆனால் லூர்து என்ற பெயர் வரிக்கு வரி வந்திருக்கிறது. முதல் கடிதத்தில் ‘பாட்டுக்காரி’ என்றிருந்தாய். சும்மா கண்ணில் பட்டது, எழுதினேன்.

கடவுள் துணை.

அக்கா,
மலர்

*

இன்டர்லாக்கன்,
31.03.1986

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஈஸ்டருக்கு ஹோட்டல் நிரம்பி வழிகிறது, ஆகவே சுருக்கமாய்.

லூர்து குழுவில் ஒருத்தி. சவுண்ட்காரன் என்றால் பாடுகிற ஆளோடுதான் கதைக்கவேணும். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் தடி தட்டுவது பிழை என்று நான் சொல்லவில்லை. உதவிதானே. ஆனால் விழா அன்று மேடையில் இருக்காதீர்கள். சனம் ஒன்றைக் கண்டு ஒன்பதாய்ச் சொல்லும். தெரெசித்தா வேறு ஆளைப் பார்க்கட்டும். நான் இப்படி எழுதுவதற்குக் குறை நினைக்கவேண்டாம். ஐயா என்னைத்தான் கேட்பார்.

ஊரெழு விசயம் பிறகு எழுதுகிறேன்.

குணம்

*

லோசான்,
27.04.1986

அன்புத் தம்பிக்கு,

பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. உடம்பு நல்லாய்த்தான் இருக்கிறது. வலது கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கிவிட்டது. படியில் தடுக்கினேன். ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்வதால் கட்டுப் போட்டுவிட்டார்கள். கவலைப்படாதே.

இங்கே மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூத்துவிட்டன. ஏரிக்கரையால் நடந்து வேலைக்குப் போகிறேன். எனக்கு முப்பத்தைந்து வயது என்பது சில வேளை மறந்துபோகிறது.

தெரெசித்தா அக்காவின் ஆளொருவர் டிச்சினோவில் தோட்டக்காரர் ஒருவரிடம் உண்மையான மூங்கில் வாங்கி, ரயிலில் கொண்டுவந்துவிட்டார். அதன் சத்தம் வேறு தம்பி. துடைக்கிற தடி ‘டொக்’ என்னும், இது பாடும்.

வேறென்ன. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
மலர்

*

இன்டர்லாக்கன்,
18.05.1986

அன்புள்ள அக்காவுக்கு,

கணுக்கால் வீக்கம் வற்றியதோ? எந்தப் படி, எப்படித் தடுக்கினீர்கள் என்று எழுதவில்லையே. ரஷ்யாவில் அணு உலை வெடித்ததால் கீரையும் பாலும் வேண்டாம் என்கிறார்கள். நீங்களும் கவனமாய் இருங்கள்.

மாயோன் ஸ்டார்ஸுக்கு இங்கே ஆனி முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது. பிறகு வளைகுடாவில் ஏதோ ஒரு ஹோட்டல். கலைஞர்களுக்குக் கொடுக்கிற பெர்மிட் அப்படித்தானாம். சில மாதம் இங்கே, சில மாதம் வேறெங்கோ. அவர்கள் போனபிறகு பாருக்கு ஒரு பியானோக்காரர் வருவாராம். பியானோவுக்குச் சவுண்ட்காரன் தேவையில்லை. பரவாயில்லை, பாத்திரம் கழுவ நிறைய நேரம் கிடைக்கும்.

நேற்று லூர்து ஒரு கதை சொன்னாள். சொந்த ஊரில் பன்னிரண்டு வயதில் பாட்டுப் போட்டியில் தோற்றாளாம். வீட்டுக்குப் போகப் பயந்து சந்தையில் நின்று பாட, சனம் சுற்றிவரக் கூடிவிட்டதாம். அன்றைக்கு அவள் தாய் வந்து கூட்டத்தில் நின்று கை தட்டினதாகச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அக்கா, ஆனி 14ஆம் திகதி (14.06) சனிக்கிழமை வீட்டில் நிற்பீர்களோ? சும்மாதான் கேட்டேன்.

அன்புடன்,
குணம்

*

லோசான்,
25.05.1986

தம்பி,

நான் சுகம், கால் சுகம், கீரை சாப்பிடவில்லை.

14ஆம் திகதி எனக்கு வேலை. விடியத் தொடங்கிப் பொழுதுபடும் மட்டும். வீட்டில் நிற்கமாட்டேன். வேறு எந்த நாள் என்றாலும் வா.

ஐயா திரும்பவும் எழுதியிருக்கிறார். ஊரெழுக்காரர் எவ்வளவு காலம் காத்திருப்பார்கள்? ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது அல்லவா?

அக்கா

*

இன்டர்லாக்கன்,
16.06.1986

என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் கணுக்கால் எப்படி? என் வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருக்கின்றன, பேனை பிடிக்கக் கடினம். ஆனாலும் எழுதாமல் இருக்கமுடியாது. சனிக்கிழமை எங்கள் குழுவின் வான் வண்டி புறப்பட்ட அவசரத்தில் உங்களோடு ஒழுங்காய் நாலு வார்த்தை கதைக்கவில்லை. வானுக்குள் ஏறப்போகும்போது, “என்னைக் கண்டதும் என்னடா நினைச்சாய்?” என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என் பக்கத்துக் களவு. உங்கள் தெரெசித்தாவின் சுதந்திர தின விழாவில் பின்னேரம் பாட மாயோன் ஸ்டார்ஸைத்தான் அழைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு லூர்துவைக் கூட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கவேணும் என்று நினைத்திருந்தேன். சொல்லிவிட்டு வர எனக்குத் துணிவில்லை. நீங்கள் வேலை என்று எழுதியதும் ஒரு பக்கம் ஏமாற்றம், மறுபக்கம் தப்பினேன் என்ற நிம்மதி.

மண்டபத்தில் நான் திரைக்குப் பக்கத்தில் வயர்களுக்குள் கிடந்தேன். தலையிலும் இரு கையிலும் விளக்கு ஏந்தி ஆடுகிற ஆட்டம் முடிந்தது. மண்டபக்காரர் நெருப்பு வேண்டாம் என்று சொன்னதால், கண்ணாடிக் குவளைக்குள் நான்தான் சிறிய பட்டரி பல்புகளைப் பூட்டிக் கொடுத்திருந்தேன். அடுத்தது மூங்கில் ஆட்டம் என்று அறிவித்த நேரம் உள்ளே கலவரம். மூங்கில் பிடிக்கவேண்டிய சுவிஸ்காரர், அந்த மூங்கில்களைப் படியேற்றும்போது இடுப்புப் பிடித்து அசையமுடியாமல் கிடக்கிறார். குழுவில் எல்லாரும் கிட்டாரோடு நிற்கிறார்கள். சும்மா நின்றவன் நான் ஒருவன்தான். லூர்து என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

“எனக்குத் தாளம் வராது!”

“ஐந்து மாதம் ஒவ்வொரு நாளும் எங்கள் பாட்டைக் கேட்டாய். வரும். போ.”

அக்கா, என் தாள ஞானம் உங்களுக்குத் தெரியும். பஜனையில் என் கையில் இருந்த சிஞ்சாத் தாளத்தைப் பறித்தவர்கள் எங்கள் ஊர்ச் சனம். நான் முழங்காலில் இருந்து, மூங்கிலைப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தது மூங்கிலும், பலகையும், வெறுங்கால்களும்தான். கிட்டார் தொடங்கியது. தட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே பிசகிவிட்டது. ஒரு சோடிக் கால் மயிரிழையில் துள்ளித் தப்பியது. உடம்பெல்லாம் வேர்த்து, எழும்பி ஓடவேணும் போல இருந்தது. அப்போதுதான் மேலே இருந்து ஒரு குரல்.

“டேய் குணம்! தலையை நிமித்தாதை! நான் சொல்லுறன், நீ அடி! நிலம், நிலம், சேர்! நிலம், நிலம், சேர்!”

நான் நிமிர்ந்துவிட்டேன். நிமிராமல் என்ன செய்வது? சிவப்புக் கட்டம் போட்ட பாவாடை, வண்ணத்துப்பூச்சிச் செட்டை போலக் கை வைத்த சட்டை, தோளில் மடித்த ஒரு லேஞ்சித் துணி, முகம் முழுக்க வேர்வை. என்ரை அக்கா. நாலு வருசத்துக்குப் பிறகு உங்களைச் சிவப்பில் கண்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, என்னை ஏசிக்கொண்டு, காலை எடுத்து வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தீர்கள்.

பிறகு பயம் வந்தது. நான் பிந்தினால் உங்கள் கால். அந்தப் பயத்தில்தான் எனக்குத் தாளம் வந்ததோ தெரியாது. நிலம், நிலம், சேர். நீங்கள் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கத்தினீர்கள், கூட்டினேன். சனமும் பிடித்துக்கொண்டது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பிலிப்பைன்ஸ்காரரும் சுவிஸ்காரரும் ஒரே குரலில் “நிலம், நிலம், சேர்” என்று கத்த, மண்டபம் அதிர்ந்தது. மூங்கிலுக்கிடையில் என் விரல் அகப்பட்டதைக்கூட ஆட்டம் முடிந்துதான் கண்டேன். நீங்கள் கடைசியாய்த் துள்ளி வெளியே வந்து நின்றபோது, நான் மூங்கிலை விடாமல் இருந்தபடியே அழுதேன். சந்தோசத்தில்தான்.

நீங்கள் உடை மாற்றப் போன நேரம் பாலசிங்கம் அண்ணை வந்தார். அவர் கூட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.

“தம்பி, அது உம்மட அக்காவோ?”

ஆறு மாதமாய் நான் பயந்த கேள்வி அக்கா. “ஓம் அண்ணை, என்ரை அக்காதான்” என்றேன். அவ்வளவு பெருமையாய் நான் என் வாழ்க்கையில் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் மேடைப் பக்கம் கையைக் காட்டினார். “கால் ஒண்டும் பிசகேல்லை. நீர்தான் துவக்கத்திலை பிசகிப் போட்டீர்” என்றுவிட்டுப் போய்விட்டார்.

மேடையில் இருக்காதீர்கள் என்று உங்களுக்கு எழுதியவன் நான். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். ஐயாவுக்கு நானே எழுதுகிறேன். லூர்து விசயம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மூங்கில் தட்டுவது இதைவிடச் சுகம்.

உங்கள் கால் தூசிக்கும் காணாத தம்பி,
குணம்

*

லோசான்,
19.06.1986

என் ராசா குணத்துக்கு,

என் கால் இரண்டும் கல்லுப்போல இருக்கின்றன. உன் விரலுக்கு உப்புத் தண்ணீரில் ஒத்தடம் கொடு. ரேடியோ திருத்துகிற விரல் அல்லவா.

படியில் தடுக்கியது பொய் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும். பங்குனியில் ஒரு நாள் ஆடுகிற பிள்ளை ஒருத்தி வரவில்லை. “ஆத்தே மலர், சும்மா ஒருக்கா நில்” என்று தெரெசித்தா அக்கா இழுத்துவிட்டா. நான் நின்றேன். பிறகு திரும்பவும் இருந்து தட்ட மனம் வரவில்லை. சின்ன வயதிலும் நான் ஆடினதில்லை, கலியாணம் கட்டியும் ஆடினதில்லை. அத்தான் போனபிறகு உரத்துச் சிரிப்பதையே விட்டிருந்தேன். அந்த மூங்கிலுக்கிடையில் நிற்கும்போது ஒன்றையும் நினைக்க நேரமில்லை தம்பி. கால் எங்கே என்று மட்டும்தான். அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்கு எழுதத் தெரியாமல்தான் எழுதவில்லை. உனக்குப் பயந்தும்தான். கொஞ்சம்.

மேடைக்கு வந்து குனிந்து பார்த்தால், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இருப்பது உன்ரை உச்சிச் சுழி! ஆட்டத்தை நிறுத்துவமோ என்று ஒரு கணம் நினைத்தேன். மானம் போனாலும் போகட்டும், கால் முறியக்கூடாது என்றுதான் கத்தினேன். அது தமிழில் வந்தது நான் யோசித்துச் செய்தது அல்ல. பயத்தில் ஆருக்குப் பிரெஞ்சு வரும்?

நேற்று செல்வராணி, பாலசிங்கத்தாரின் மனிசி, வீட்டுக்கு வந்தா. நான் தேத்தண்ணி கொடுத்து, ஏச்சுக் கேட்க ஆயத்தமாய் இருந்தேன். தன்னுடைய இரண்டு பெட்டைப் பிள்ளைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழக்குவேனோ என்று கேட்கத்தான் வந்தாவாம். நான் தெரெசித்தா அக்காவிடம் அனுப்பியிருக்கிறேன். ஐப்பசியில் ஜெனீவாவில் இன்னொரு விழா, எங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஐயாவுக்கு நீ எழுதவேண்டாம், நான் ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டேன். ஊரெழுக்காரருக்கும் இல்லை என்று நல்ல விதமாய்ச் சொல்லும்படி எழுதினேன். அவர் முதலில் என்னை ஏசட்டும். உன் பக்கம் திரும்பும்போது களைத்துப்போய்விடுவார்.

இனி நீ ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசி.

நீ வானில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், நான் உடை மாற்றுகிற அறைக்குள் லூர்து வந்தாள். பிள்ளை பாடும்போது சிங்கம் மாதிரி நின்றது. அறைக்குள் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. “ஆத்தே” என்றாள். பிறகு இங்கிலிஷில் மெதுவாய், எனக்கு விளங்கவேணும் என்று ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னாள். வளைகுடாவில் ஐந்து மாதம்தானாம். மார்கழியில் இங்கே டாவோசில் பாடத் திரும்பி வருகிறாளாம். “உன் தம்பி நல்லவன். ஆனால் கேட்கமாட்டான். வயரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். எங்கள் ஊரில் பெரியவர்களிடம் கேட்பதுதான் முறை. இங்கே அவனுக்குப் பெரியவள் நீதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவனை எனக்குத் தருவாயா?”

எங்கள் ஊரிலும் அதுதானே முறை. அவளின் கையைப் பிடித்தேன். எந்த மொழியில் பதில் சொல்வது என்று தெரியவில்லை. “ஓம்” என்றேன். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆர் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

ஆகவே தம்பி, நீ யோசித்து யோசித்துத் தலைமயிர் நரைக்கவேண்டாம். பொம்பிளை கேட்டு, பெரியவர் சம்மதித்து, காரியம் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு, பிந்தாமல்.

அக்கா,
சிவமலர்